எதிர்ச்சவரம்

மேஸ்திரிக்கு வீட்டில் ஒரு வேலையும் கை வராது. ஃபியூஸ் போனால் மெழுகுவர்த்தி தேடுவார். குழாய் ஒழுகினால் அடியில் வாளி வைப்பார். சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் ஆணி வளையும், காரை பெயரும், விரல் வீங்கும். மாட்ட வேண்டிய படம் தரையிலேயே சாய்ந்து நிற்கும். இதெல்லாம் கல்யாணமான புதிதிலேயே அவர் மனைவிக்குத் தெரிந்துபோயிற்று. அவள் சைக்கிள் கடைக்காரர் மகள். அப்பாவோடு உட்கார்ந்து பஞ்சர் ஒட்டி, சக்கரக் கோட்டம் எடுத்து வளர்ந்தவள். அவள் ஸ்பேனர் பிடிக்கிற பிடியைப் பார்த்த அன்றைக்கே மேஸ்திரி, "இந்த இலாகா உன்னோடது" என்று ஒதுங்கிக்கொண்டார். அதில் அவருக்கு வெட்கமும் இல்லை, வருத்தமும் இல்லை. சிலிண்டர் மாட்டுவது, மோட்டாருக்கு வாஷர் மாற்றுவது, ஸ்கூட்டர் பிளக்கைச் சுரண்டுவது எல்லாம் அவள் பாடு. பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், அவங்க ஏணி மேல நிக்கிறாங்க, நீங்க கீழ நிக்கிறீங்க" என்று ஒருநாள் கேட்டதற்கு, "ஏணியப் பிடிக்க ஆம்பள வேணும்ல" என்று பதில் சொன்னவர் அவர்.

ஆனால் சவரம் என்று வந்துவிட்டால் மேஸ்திரியிடம் யாரும் கிட்ட நெருங்க முடியாது. சமையலறை ஜன்னலோரம், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே கண்ணாடி. அதற்கு ஆணி அடித்தது அவள். விடிவதற்கு முன்னால் அங்கே நின்று, வெந்நீரில் முக்கிய துண்டை முகத்தில் ஒற்றிக்கொள்வார். ஊறிய பிரஷ்ஷைக் கிண்ணத்துச் சோப்பில் சுழற்றி, நுரை கெட்டித் தயிர்போல நிற்கிறவரை விடமாட்டார். ரேசர் பழைய பித்தளை ரேசர். இரண்டு தகட்டுக்கு நடுவில் பிளேடை வைத்துத் திருக வேண்டும். கைப்பிடி நல்ல கனம். "அந்தக் கனமே வேலையப் பாத்துக்கும், கை அமுக்கக் கூடாது" என்பார். முதலில் முடி வளர்கிற போக்கில் ஒரு வழிப்பு. பிறகு மறுபடியும் நுரை போட்டு, போக்குக்கு எதிராக, கீழிருந்து மேலாக ஒரு வழிப்பு. அந்த எதிர்ச்சவரத்தில்தான் விஷயமே இருக்கிறது. முடிந்ததும் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் படிகாரம். அவள் பக்கத்தில் டீ போட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். அவர் நுரைக்குள்ளிருந்து "ம்" கொட்டுவார். ரேசர் கன்னத்தில் சரசரவென்று போகும்.

இது மினுக்குக்காகச் செய்த காரியமில்லை. பிழைப்பு அப்படி. எண்ணெய் ஆலையில், வீட்டளவு பெரிய தொட்டிகளுக்குள் இறங்கி, அடியில் படிந்த கசடை வழித்தெடுக்கும் கூட்டத்துக்கு அவர் மேஸ்திரி. கசடைக் கிளறக் கிளற ஆவி கிளம்பும். அதற்காக முகத்தில் மாஸ்க். மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு தோலோடு அப்படியே ஒட்டிக்கொள்ள வேண்டும். நடுவில் முள்முள்ளாக முடி நின்றால் ஆவி அந்தச் சந்தில் நுழைந்துவிடும். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தாடியோடு இறங்கிய ஒருவரைக் கயிறு கட்டித் தூக்கினார்கள். உயிர் தங்கியது. ஆனால் அதன்பிறகு அந்த மனிதருக்குத் தன் வீட்டு வாசல் எது என்று இன்னொருவர் காட்ட வேண்டியிருந்தது. மேஸ்திரி ஆனதும் அவர் போட்ட முதல் சட்டம் இதுதான்: இறங்குவதற்கு முன் எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும், அவர் புறங்கையை ஒவ்வொருவர் தாடையிலும் கீழிருந்து மேலாக இழுப்பார், சொரசொரத்தால் அன்றைக்கு அந்த ஆள் மேலே. ஆலையில் அவருக்குத் 'தாடை மேஸ்திரி' என்றே பெயர். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில் கண்ணாடி சமையலறையிலிருந்து குளியலறைக்கு இடம் மாறியது. "இங்க வெளிச்சம் பத்தல" என்றார். குளியலறையில் இருந்தது அழுதுவடியும் ஒரு பல்பு. மனைவி ஒன்றும் சொல்லாமல் அங்கே ஆணி அடித்துக் கொடுத்தாள். அவர் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

விஷயம் கையில் இருந்தது. வலது கை சும்மா கிடந்தால் ஒன்றுமில்லை. எதையாவது எடுத்தால், அதுவும் நுணுக்கமான காரியம் என்றால், ஆடத் தொடங்கும். டீ டம்ளர் வாய்க்கு வருவதற்குள் சட்டை நனையும். சாவி துவாரத்தைச் சுற்றிச் சுற்றி வரும். வழுக்கிக்கொண்டு போன ரேசர் இப்போது கன்னத்தில் தட்டித் தட்டிப் போனது. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கன்னங்களை ஒப்பேற்றிவிடுவார். இடது தாடைக்குக் கீழே முடி சுழித்து வளர்ந்த இடம் ஒன்று உண்டு. அங்கே எதிர்ச்சவரம் போட நினைத்த நாளெல்லாம் ரத்தம். அதனால் அந்த இடத்தை ஒரே வழிப்போடு விட்டுவிட ஆரம்பித்தார். வெட்டின இடத்தில் காகிதத் துணுக்கு ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். கழுத்துப் பட்டனைப் போட்டால் அது மறைந்துவிடும்.

ஒருநாள் காலை தொட்டிமேட்டில் தூறிக்கொண்டிருந்தது. ஆட்கள் வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி இடது புறங்கையால் பார்த்துக்கொண்டு வந்தார். முதலில் நெட்டையன். கூட்டத்திலேயே உயரமானவன், அதிகம் பேசாதவன். மேஸ்திரிக்கு எட்டட்டும் என்று முழங்காலை மடக்கி நிற்பது அவன் வழக்கம். இடது கை வருவதைப் பார்த்து அவன் கண் ஒருதரம் மேஸ்திரியின் வலது கைக்குப் போய்த் திரும்பியது. ஒன்றும் கேட்கவில்லை. அடுத்து நின்றது மச்சினன், மேஸ்திரி மனைவியின் ஒரே தம்பி. சுறுசுறுப்பு, வாய், சிரிப்பு எல்லாம் தாராளமாக உண்டு அவனுக்கு. பொறுமை மட்டும் பொட்டுக்கூடக் கிடையாது.

"என்னடா இது?"

"காலைலதான் எடுத்தேன் மாமா."

"எதால?"

"மிஷின்ல."

"மிஷின் மேஞ்சுட்டுப் போயிருக்கு. வழிக்கல. மேல நில்லு."

"கண்ணுக்கே தெரியல மாமா. தடவுனாத்தான் தெரியுது."

"ஆவி கண்ணாலயா பாக்குது? மேல நில்லு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மச்சினன் முகம் சுண்டிப்போனது. அன்று முழுக்க மேலே நின்று வாளிக் கயிறு சுற்றினான். மாமாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

சாயங்காலம் மழை வலுத்தது. மேஸ்திரி வீட்டுக்கு வந்தபோது அவன் அவருக்கு முன்னால் வந்து, நனைந்த சட்டையை நாற்காலியில் காயப்போட்டுவிட்டு, அக்கா பொரித்துப் போட்ட மீனைத் தின்றுகொண்டிருந்தான்.

"வாங்க. உங்க மேல பிராது வந்திருக்கு" என்றாள் மனைவி, அடுப்பைப் பார்த்தபடியே.

"வந்திருக்கும்னு தெரியும்."

"அத்தன பேருக்கு முன்னாடி சொல்லணுமாக்கா?" என்றான் அவன். "தனியாக் கூப்பிட்டுச் சொன்னா நான் கேக்க மாட்டேனா? சொந்தக்காரன்னா எளக்காரம்."

"சொந்தக்காரன்னுதான் சொல்றேன்" என்றார் மேஸ்திரி, தட்டின் முன் உட்கார்ந்து. "எவனோ ஒருத்தன் மயங்கி விழுந்தா ஆலைக்குப் பதில் சொல்லிட்டுப் போயிடுவேன். நீ விழுந்தா இவளுக்கு யார் பதில் சொல்றது?"

"ரேசர் எனக்கு ஒத்துக்கலக்கா. வழிச்சா மூஞ்சியெல்லாம் தடிக்குது. சலூன்ல வழிச்சுக்கலாம்னா, அவன் கடை தொறக்குறப்ப நாங்க தொட்டிக்குள்ள இருப்போம்."

"வெந்நி ஒத்தணும். அவசரப்படக் கூடாது" என்றார் மேஸ்திரி.

"எல்லாம் ஒத்திப் பாத்தாச்சு." அவன் முள்ளை ஒதுக்கினான். பிறகு நிமிர்ந்து பார்த்தான். "ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. எல்லார் தாடையும் நீங்க பாக்குறீங்க. உங்க தாடைய யார் மாமா பாக்குறா?"

சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்டவன்தான் அவன். ஆனால் வாணலியில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. மேஸ்திரி கை அவரை அறியாமல் கழுத்துப் பட்டனுக்குப் போனது. நிமிர்ந்தபோது மனைவியின் கண் அந்தக் கையின் மேல் இருந்தது. அவள் தன் தம்பி பக்கம் திரும்பி, "வாயத் தின்றதுக்கு மட்டும் வெச்சுக்கோ. ஆறுது பார்" என்றாள். அவளுக்குத் தெரியும் என்று அந்த நொடியில் மேஸ்திரிக்குத் தெரிந்துபோயிற்று.   மீன் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மச்சினன் ரேசர் போட்டு வழித்துக்கொண்டு வந்தான். தாடையெல்லாம் சிவந்து, ஆங்காங்கே கீறலாக இருந்தது. மேஸ்திரி புறங்கையை இழுத்துப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. "போ" என்றார். அவரும் மாஸ்க்கை மாட்டிக்கொண்டார். வடிகட்டியை உள்ளங்கையால் பொத்தி மூச்சை இழுத்தால் மாஸ்க் முகத்தோடு அமுங்க வேண்டும். அமுங்கியது. ஏணி வழியாக இறங்கினார்.

உள்ளே வெக்கை. மேலே ஒரு வட்டமாக வெளிச்சம். காற்றாடி இரைச்சலில் வாய்ப்பேச்சு கிடையாது, எல்லாம் கைஜாடைதான். கசடு கணுக்கால்வரை கறுப்புக் களிபோலக் கிடந்தது. ஆட்கள் வழித்துத் தள்ளத் தள்ள, மேஸ்திரி குனிந்து வாளியை நிரப்பினார். மூலையில் மச்சினன் நின்றான். அவனைப் பார்ப்பதற்காகக் குனிந்த வாக்கிலேயே இடது பக்கம் தலையைத் திருப்பினார்.

கருகிய எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது.

நிமிர்ந்தார், வாடை போனது. குனிந்து திரும்பினார், மறுபடி வந்தது. நாக்கின் அடியில் ஒரு தித்திப்பு. மாஸ்க்குக்குள் அந்த வாடை வரக் கூடாது. எந்தச் சந்து வழியாக வருகிறது என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை. விரலை வைத்துக் காட்டியிருப்பார். காது இரைந்தது. தொட்டிச் சுவர் லேசாகச் சாய்ந்தாற்போல இருந்தது. மச்சினன் எதையோ கண்டு மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அவரை நோக்கி வந்தான். 'நான் விழுந்தால் இவன் மாஸ்க்கைக் கழற்றிக் கத்துவான். அப்படிப்பட்ட ஆள் இவன்' என்று மேஸ்திரிக்குத் தோன்றியது. விழக் கூடாது. மேலே நிற்பவர்களுக்குத் தெரியும்படி கயிற்றைப் பிடித்து இழுத்தார். எல்லாரும் மேலே என்று கையைச் சுழற்றினார். ஏணிக் கம்பியை ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்து ஏறி, வெளியே வந்து, மழையில் மண்டியிட்டுக் காலைச் சாப்பாட்டையெல்லாம் வாந்தியெடுத்தார்.

நெட்டையன் அவர் தலையைப் பிடித்துக்கொண்டான். மேனேஜர் குடையோடு ஓடிவந்தார். பின்னாலேயே மாஸ்க்குகளைக் கழுவி, ரப்பர் மாற்றி, பராமரிக்கும் ஸ்டோர்காரம்மாவும் வந்தாள்.

"என்ன ஆச்சு மேஸ்திரி?"

"மாஸ்க்" என்றார் அவர்.

அந்த ஒரு சொல் எப்படி வெளியே வந்தது என்று பிறகு அவர் எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறார். யோசிக்காமல்தான் வந்தது. வந்ததைத் திரும்ப எடுக்காமல் விட்டதுதான் யோசித்துச் செய்தது.

"நேத்துதான் சார் ரப்பர் மாத்தினேன்" என்றாள் ஸ்டோர்காரம்மா.

"மாத்தினது சரியில்லன்னுதான் ஆள் விழப் பாத்திருக்கார். எல்லா மாஸ்க்கையும் எடுத்து வைங்க. நாளைக்கு மேலதிகாரி வருவார். பதில் நீங்கதான் சொல்லணும்" என்றார் மேனேஜர்.

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் மழையில் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். தரையில் கிடந்த மாஸ்க்கை எடுத்துத் துடைத்துக்கொண்டே அவள் ஸ்டோருக்குப் போனாள்.

மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மனைவி கூரைத் தண்ணீர்க் குழாயில் இலை அடைத்துக்கொண்டதென்று ஏணியைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள். மழை சற்று விட்டிருந்தது. "சீக்கிரம் வந்துட்டீங்க. நல்லதாப் போச்சு, பிடிங்க" என்று மேலே ஏறினாள். அவர் பிடித்துக்கொண்டார். மேலேயிருந்து அழுகிய இலைகள் கொத்துக் கொத்தாக விழுந்தன.

"ஏங்க, ஏணி ஆடுது. நல்லாப் பிடிங்க."

"நல்லாத்தான் பிடிச்சிருக்கேன்."

"அப்புறம் ஏன் ஆடுது?"

"கை ஆடுது."

இலை விழுவது நின்றது. அவள் காலுக்குப் பக்கத்தில் அவர் முகம் இருந்தது. அண்ணாந்து பார்க்கவில்லை. அவள் குழாயில் கையை விட்டு மிச்சத்தையும் எடுத்துப் போட்டுவிட்டுத்தான் இறங்கினாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"இப்பவாவது வாயத் தொறந்தீங்களே."

"உனக்கு எப்ப தெரியும்?"

"நீங்க ஒரு சட்டப் பட்டன் போடுற நேரத்துல நான் ஒரு செயினே மாட்டிடுவேன். கூட இருக்கிறவளுக்குத் தெரியாம இருக்குமா?"

"தெரிஞ்சா கேக்க வேண்டியதுதான?"

"தாழ்ப்பாள் போட்டுக்கிட்ட மனுஷன எப்படிக் கேக்குறது? தொறக்கட்டும்னு இருந்தேன்."

அவர் ஏணியை விட்டுவிட்டு ஈரப் படியிலேயே உட்கார்ந்தார். தொட்டிக்குள் நடந்ததைச் சொன்னார். வாடை வந்ததை, தலை சுற்றியதை, அவள் தம்பி மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்ததை. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். முடிவில் மெதுவாக, "நீங்க விழுந்திருந்தா அவன்தான தூக்க வந்திருப்பான்" என்றாள்.

"ஆமா."

"மாஸ்க்கக் கழட்டிட்டுக் கத்தியிருப்பான்."

"ஆமா."

"ரெண்டு பேரையும் தூக்கிட்டு வந்து இந்த வாசல்ல போட்டிருப்பாங்க."

அவர் ஈரப் படியை நகத்தால் சுரண்டினார்.

"ஆலைல என்ன சொன்னீங்க?"

"மாஸ்க்னு வாயில வந்துடுச்சு."

"மாஸ்க்கப் பாத்துக்குறது யாரு?"

"ஸ்டோர்ல ஒரு அம்மா. நாளைக்கு அது பதில் சொல்லணும்."

"அது எதுக்குச் சொல்லணும்?" என்றாள் அவள். ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் விடிகாலை அவர் குளியலறைக்குப் போனபோது கண்ணாடியைக் காணோம். சமையலறையில் விளக்கு எரிந்தது. வெந்நீர், பிரஷ், கிண்ணம், ரேசர் எல்லாம் மேடைமேல் வரிசையாக இருந்தன. நடுவில் முக்காலி.

"உக்காருங்க."

"நீயா?"

"வேற யார் இருக்கா இங்க?"

"உனக்கு இது வராது."

"ஆணி அடிக்க உங்களுக்கு வராது. அதுக்காகப் படம் மாட்டாம இருந்தமா? உக்காருங்க."

உட்கார்ந்தார். அவள் துண்டை ஒற்றினாள், நுரை போட்டாள். காதுக்குள் கொஞ்சம், மூக்கில் கொஞ்சம் போயிற்று. ரேசரை ஸ்பேனர்போல முழுக் கையால் பற்றினாள்.

"அப்படி இல்ல. விரல் நுனியால பிடிக்கணும். அமுக்காத. அந்தக் கனமே..."

"வேலையப் பாத்துக்கும். எத்தன வருஷமாக் கேக்குறேன். வாய மூடுங்க, நுரை போகுது."

முதல் வழிப்பு கிருதாவிலிருந்து தாடைவரை வந்தது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் ரேசரைத் தண்ணீரில் அலசி, வந்த பாதையை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அடுத்தது. சற்று நேரத்தில் ரேசர் சரசரவென்று பேச ஆரம்பித்தது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு வெளிச்சத்தில், இவ்வளவு நேரம் அவள் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை என்று மேஸ்திரிக்குத் தோன்றியது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டார். அவள் மூச்சில் டீ வாசனை இருந்தது.

"இங்க முடி கோணல் மாணலா வருதே" என்றாள், இடது தாடையின் கீழ்.

"சுழி அது. விட்டுடு."

"விடுறதாவது. இத விட்டுத்தான நேத்து வினை வந்தது." தோலைப் பெருவிரலால் இழுத்துப் பிடித்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று சக்கரத்துக் கோட்டம் எடுப்பதைப்போல எடுத்தாள். சுருக்கென்றது.

"பட்டுடுச்சு."

"தெரியுது."

"படிகாரம் எங்க?"

"ஜன்னல்ல."

வைத்தாள். எரிந்தது. அவர் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி விளக்கில் பார்த்தாள். "உங்க தாடைல ஒரு பழைய தழும்பு இருக்கு, தெரியுமா?"

"தெரியாது."

"இருக்கு" என்றாள்.

ஆலைக்குப் போனதும் மேஸ்திரி நேராக மேனேஜர் அறைக்குப் போனார். மேலதிகாரி இன்னும் வந்திருக்கவில்லை. ஸ்டோர்காரம்மா சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"மாஸ்க் மேல தப்பில்ல சார். நான்தான் சரியா வழிக்கல. கை நடுங்குது. கொஞ்ச நாளாவே அப்படித்தான். மறச்சுட்டேன்."

மேனேஜர் பேனாவை வைத்துவிட்டு அவர் கையைப் பார்த்தார். மேஸ்திரி மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைத் தூக்கிக் காட்டினார். தண்ணீர் தளும்பி மேஜைக் கண்ணாடிமேல் சிந்தியது. 

வெளியே வந்ததும் ஸ்டோர்காரம்மா சொன்னாள். "நேத்தே சொல்லியிருக்கலாம் நீங்க. வீட்டுல அடுப்புகூடப் பத்த வைக்கல நான்."

அவள் சண்டைபோட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தார். அவள் அதற்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

ஆலை டாக்டர் பேப்பரில் ஒரு வட்டம் வரையச் சொன்னார். வட்டம் ரம்பப் பல் மாதிரி வந்தது. இது உயிருக்கு ஆபத்தில்லாத நடுக்கம், மாத்திரையில் கொஞ்சம் அடங்கும், முழுசாகப் போகாது, தொட்டிக்குள் இனி இறங்கக் கூடாது, ஸ்கூட்டரும் வேண்டாம் என்றார். அன்றிலிருந்து மச்சினன் காலையில் வந்து அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனான். மாமா தொட்டிக்குள் ஏன் தடுமாறினார் என்று அக்கா அவனிடம் சொல்லியிருந்தாள். அவன் வண்டியைப் பள்ளத்தில் விடாமல் ஓட்டினான்.

மேஸ்திரிக்கு மேலே வேலை கொடுத்தார்கள். ஆட்களை அனுப்புவது, கயிற்றைப் பார்ப்பது. உள்ளே இறங்கி வேலை வாங்க வேறொரு ஆள் வேண்டும். அது மச்சினன்தான் என்று கூட்டம் முழுக்க முடிவு கட்டியிருந்தது. அவனும் அப்படித்தான் நினைத்தான். அக்காவிடம் சொல்லியும் வைத்திருந்தான்.

"யாரப் போடலாம்?" என்று மேனேஜர் கேட்டார்.

"நெட்டையனப் போடுங்க."

"உங்க மச்சினன்?"

"நல்ல வேலக்காரன் சார். ஆனா யாராவது தடவிப் பாக்குறாங்கன்னாத்தான் வழிப்பான். கீழ இருக்கிறப்ப யார் தடவிப் பாக்குறது?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "எனக்கே தவறிப்போச்சே" என்றார்.

சேதி அவருக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. அன்று சாயங்காலம் அவர் தனியாக நடந்துதான் வந்தார். மனைவி தட்டை வைத்த வேகத்தில் டம்ளர் உருண்டது. அவர் எடுத்து நிமிர்த்தினார். 

"அவன் ஆசப்பட்டது இது ஒண்ணுதான்" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் பண்ணீங்களா?"

"நீயே சொல்லு. அவன் மாஸ்க்கக் கழட்டிட்டுக் கத்துவான்னு சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன். அது வேற." சொல்லிவிட்டு, அது வேறில்லை என்று அவளுக்கே பட்டிருக்க வேண்டும். பாத்திரத்தை மூடினாள். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா வேண்டாம்னிருப்ப."

"ஆமா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். சொல்றதுக்கு ஒரு நாழி குடுத்திருக்கலாம்ல. மறுபடியும் தாழ்ப்பாள்தான் போட்டுக்கிட்டீங்க."

 கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

விடிகாலையில் அவள் பக்கம் காலியாக இருந்தது. பின்பக்கம் மோட்டாரோடு அவள் மல்லுக்கட்டும் சத்தம் கேட்டது. இன்றைக்கு நடக்காது என்று மேஸ்திரி முடிவுகட்டினார். மேலே நிற்கிறவனுக்கு எதற்குச் சவரம் என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை. தடவிப் பார்க்கிறவன் தாடை முள்ளாக இருந்தால் எவன் மதிப்பான்? தானே வெந்நீர் வைத்தார். தானே நுரை கலக்கினார். பாதி சட்டையிலும் பாதி தரையிலும் போக, மிச்சம் முகத்தில் ஏறியது. ரேசரைத் தூக்கினார். கண்ணாடியில் அது தட்டாம்பூச்சியின் சிறகுபோல அதிர்ந்தது.

பின்கதவு திறந்தது. அவள் தரையைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். முக்காலியைக் காலால் இழுத்துப் போட்டாள். கிரீஸ் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அவர் கையிலிருந்த ரேசரை வாங்கினாள். அவர் உட்கார்ந்தார்.

அவள் முகம் இறுகிக் கிடந்தது. ஆனால் விரல் நுனியில் ரேசர் எப்போதும்போல லேசாக இருந்தது. வலது கன்னம் முடிந்தது. மோவாய் முடிந்தது. அவள் அவர் தலையைப் பின்னால் சாய்த்தாள். பிளேடு தொண்டைக்குழியில் வந்து நின்றபோது அவருக்கு எச்சில் ஊறியது.

"முழுங்காதீங்க."

"நீ கோவமா இருக்கியே" என்றார், உதட்டை அசைக்காமல்.

"கோவமாத்தான் இருக்கேன். அதுக்கும் இதுக்கும் என்ன? கழுத்த நீட்டுங்க."

நீட்டினார். ரேசர் கீழிருந்து மேலாக, அவசரமே இல்லாமல் ஏறி வந்தது.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. உள்ளே வருகிற சத்தமில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து, முறைத்துக்கொண்டு அடிப்பதைப்போல ஒரே ஒரு ஹாரன். அவள் ரேசரைத் தண்ணீரில் அலசினாள்.

"இருடா," என்று வாசல் பக்கம் குரல் கொடுத்தாள், "இன்னும் ஒரு பக்கம் இருக்கு."